கம்ப்யூட்டருக்கும் தீட்டா?

கோரிமேட்டில் அநேக வீடுகளில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். ஆனால், அவ்வீட்டு அம்மாள் அதைத் தொடப்போனால் மாத்திரம், "தொடாதே, கெட்டுவிடும்" என்கிறார்கள். கிணற்றைத் தொட்டால் தீட்டு என்றவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

தோழர்களே! கம்ப்யூட்டரை நடத்துகின்ற இயங்குதளம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. லினக்ஸ் என்பதை 1991-ல் பின்லாந்து தேசத்தில் டோர்வால்ட்ஸ் என்கின்ற 21 வயது மாணவர்தான் ஆரம்பித்தார். மனிதன் செய்ததை மனிதன் கற்க முடியாதா?

கெட்டுவிடும் என்பதும் பெரும்பாலும் வெறும் பூச்சாண்டியே. ஒரு கோப்பைத் தவறி அழித்தால் அது குப்பைத்தொட்டிக்குத்தான் போகும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எழுதுகையில் பிசகினால் கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அமுக்கினால் பழையபடியாகிவிடும்.

"இங்கிலீஷ் தெரியாதே" என்பார்கள். தமிழ்நாட்டு அரசாங்கம் 1999-லேயே தமிழ்99 என்னும் விசைப்பலகையை ஒப்புக்கொண்டுவிட்டது. திரையில் வரும் சொற்களையும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். மந்திரம் சமஸ்கிருதத்தில்தான் இருக்கவேண்டுமென்ற புரட்டைக் கண்டித்த நாமா இங்கிலீஷுக்குப் பயப்படுவது?

நிற்க. கற்காதவர் மகளின் காலேஜ் விண்ணப்பத்திற்குக் கடைக்காரரிடம் காசையும் கொடுத்து, கடவுச்சொல்லையும் ஒப்புவிக்கிறார். புரோகிதனுக்குத் தட்சணையோடு வீட்டுச் சாவியையும் கொடுப்பது போலல்லவா இது? அறியாமை இருக்குமிடத்தில் தரகு இருந்தே தீரும்.

ஆகவே, குங்குமத்தை நிறுத்திவிட்டு, அம்மாளை உட்காரவைத்து மவுஸை அவர் கையில் கொடுங்கள். தினம் அரைமணி நேரம் பழகட்டும். தீட்டு தானாகவே ஒழியும்.