ஏரியில் பாடு யாருக்கு, திரையில் பாடு யாருக்கு?

அனிமேஷன் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. மென்பொருளைப் பொறுத்தவரை இன்று அதற்கு நல்ல பதில் இருக்கிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் முழுக்க இலவசம். அதை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபோது, டான் ரோசண்டால் 2002-இல் பொதுமக்களிடம் நிதி கேட்டார். ஏழே வாரங்களில் 1,00,000 யூரோ சேர்ந்தது. நிரல் மீட்கப்பட்டு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதே பிளெண்டரில் செய்த லாட்வியப் படம் 'ஃப்ளோ', 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதை வாங்கியது. வெள்ளத்தில் படகேறும் ஒரு பூனையின் கதை. ஒரு வரி வசனம்கூடக் கிடையாது.

ஆகவே கருவி நம் கைக்கு வந்துவிட்டது. பொன்னேரியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய் அனிமேஷன் படிக்கும் எனக்கு, கீஃப்ரேமும் ரிக்கிங்கும் பழகப் பழக வந்தன. பழைய மடிக்கணினியில் பத்து விநாடிக் காட்சி ரெண்டர் ஆக ஓர் இரவு போகும். நடுவில் கரண்ட் போனால் அதுவும் போச்சு. இது வசதிக் குறைவு, சமாளிக்கலாம். சாதி வேலை செய்யும் இடம் வேறு.

முதல் இடம் தோல். பிக்சாரில் பணியாற்றியவரும் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியருமான தியோடர் கிம் 2020-இல் ஒரு கட்டுரை எழுதினார். கணினி வரைகலை ஆய்வுகளில் பல ஆண்டுகளாக 'மனிதத் தோல்' என்றாலே வெளிர் தோல்தான், 'மனித முடி' என்றாலே நேரான முடிதான் என்று அதில் சுட்டிக்காட்டினார். தோலுக்குள் ஒளி ஊடுருவிப் பரவிச் சிவந்து தெரிவதைக் கணக்கிடுவதில்தான் அத்தனை உழைப்பும் போயிருக்கிறது. கறுத்த தோலில் மேற்பரப்பு மினுக்கம் முக்கியம். உப்புத் தண்ணீரில் நனைந்த ஒரு கறுத்த தோளைத் திரையில் சரியாகக் கொண்டுவர, பாடத்தில் சொன்ன அளவுகளையெல்லாம் நான் மாற்ற வேண்டியிருந்தது. ஒளியமைப்பையே புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது இடம் திரைக்கதை வகுப்பு. ஒரு நாயகன், அவனுக்கு ஓர் ஆசை, குறுக்கே ஒரு வில்லன் என்று சொல்லித்தருகிறார்கள். பழவேற்காடு ஏரியை வைத்து எழுது என்றால் வில்லன் தயாராக இருக்கிறான்: காட்டுப்பள்ளித் துறைமுகம். 330 ஏக்கரில் இருப்பதை 6,111 ஏக்கராக விரிக்கும் அதானி நிறுவனத்தின் திட்டத்தை மீனவக் கிராமங்கள் எதிர்க்கின்றன. அந்தப் போராட்டம் முழுக்க நியாயமானது. நானும் அதன் பக்கம்தான்.

ஆனால் அதே ஏரிக்குள் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி இறாலும் மீனும் நன்றாகப் படும் இடங்களில் யார், எப்போது வலை கட்டுவது என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும் முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இதில் முக்கியமானவை. சண்டை இல்லாமல் பொதுவளத்தைப் பங்கிடும் நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பலர் பாராட்டியிருக்கிறார்கள். குலுக்கலில் பெரியவன், சின்னவன் இல்லைதான். குலுக்கலில் யார் பெயர் சேரும் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. மரபான விதிப்படி அது பட்டினவர் சாதி ஆண்களின் உரிமை. தலித் மக்களுக்கு அதில் இடமில்லை. இருளர்கள் வலையே இல்லாமல் தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள்; பிடித்ததைப் பல்லில் கடித்திருக்கும் பனையோலைப் பறியில் போடுகிறார்கள்.

துறைமுகத்தின் முன்னால் பாதிக்கப்பட்டவராக நிற்கும் மீனவரே, குலுக்கலின் வாசலில் மறுப்பவராகவும் நிற்கிறார். நான் இதை எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தபோது கிடைத்த ஆலோசனை: "சாதியை எடுத்துவிடு, அருமையான சூழலியல் கதை ஆகிவிடும்." இதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை. பூநாரையும் டச்சுக் கல்லறையும் போதும் என்று பழவேற்காட்டைப் பார்த்துப் பழகிய கண் அது. சாதியை எடுத்துவிட்டால், பறியைப் பல்லில் கடித்திருக்கும் அந்தப் பெண் ஏன் வலை கட்டவில்லை என்ற கேள்விக்குக் கதையில் பதிலே இருக்காது. வெறும் அழகான பின்னணி உருவமாக அவள் மிஞ்சுவாள்.

இந்திய அனிமேஷனில் யாருக்குப் பாடு என்று பாருங்கள். 2005-இல் 'ஹனுமான்', 2008 முதல் 'சோட்டா பீம்', 2025-இல் வசூலைக் குவித்த 'மகாவதார் நரசிம்மா'. புராணம் எடுப்பது குற்றமில்லை. புராணத்துக்கு 'சாதி எடுத்த கதை' என்று யாரும் பெயர் வைப்பதில்லை. நம் கதைக்கு மட்டும் வைக்கிறார்கள் என்பதே என் புகார்.

மாற்று வழி ஏற்கெனவே காட்டப்பட்டிருக்கிறது. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயணா' என்ற வரைகதை நூல் 2011-இல் வந்தது. அதை வரைந்த கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும், படக்கதைக்கு வழக்கமான கட்டங்களையே ஏற்கவில்லை. கனிவான பேச்சுக்குப் பறவை வடிவக் குமிழி, சாதி நஞ்சு கக்கும் பேச்சுக்குத் தேள் கொடுக்கு வைத்த குமிழி. புதிய உள்ளடக்கத்தைப் பழைய கட்டத்துக்குள் திணிக்காமல், கட்டத்தையே மாற்றினார்கள். திரைக்கதைக்கும் இது பொருந்தும். ஒற்றை நாயகனும் ஒற்றை வில்லனும் பாடு முறையைச் சொல்லப் போதாது. ஒரு விதிதான் அங்கே வில்லன். அந்த விதியால் ஆதாயம் அடைகிறவரும் இன்னொரு விதியால் நசுங்குகிறவர்.

அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி இருக்கிறது. அதன் கணினிகளில் பிளெண்டரை நிறுவ உரிமக் கட்டணம் ஒரு ரூபாய்கூட வேண்டாம். மாலையில் சுற்றுக் கிராமப் பிள்ளைகளுக்கு அந்த அறையைத் திறந்துவிட்டால் போதும். உதவித்தொகையில் கணினிச் செலவையும் சேர்க்க வேண்டும். அரசு நடத்தும் திரைப்படக் கல்வியில் பீமாயணா பாடமாக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பிளெண்டரைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். உங்கள் ஊரில் குளம், கோயில், சுடுகாடு, ஏரி என்று எங்கெங்கே யார் பெயர் குலுக்கலில் சேர்வதில்லை என்று எழுதுங்கள். வகுப்பில் அதை எடுத்துவிடச் சொல்வார்கள். எடுக்காதீர்கள்.