சித்த வைத்தியம் படிக்கிற பிள்ளைக்கும் கல்வி நிதி கொடுக்கணும்

திருவிழா நல்லபடியா முடிஞ்சது. உபயகாரர்களுக்கும் அடுப்படியில நின்ன தொண்டர்களுக்கும் நன்றி. இப்ப சொல்லப்போறது வேற விஷயம், கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

நம்ம தாமான்ல ஒரு பொண்ணு எஸ்.டி.பி.எம். முடிச்சிட்டு சித்த மருத்துவம் படிக்க பாளையங்கோட்டைக்குப் போச்சு. அங்க உள்ள அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-ல தொடங்கினது. படிப்பு நாலரை வருஷம், அதுக்கு மேல ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. நோய் நாடல், குணபாடம், வர்மம் எல்லாம் உண்டு. உடற்கூறும் உண்டு, பிணத்தை அறுத்துத்தான் படிக்கணும். பாதரசம் மாதிரி விஷச் சரக்கைச் சுத்தி பண்ற முறை தனியா படிக்கணும். இதெல்லாம் தெரியாம சொந்தக்காரங்க அந்த அம்மாகிட்ட கேட்டது, "வேர் அரைக்கிறதுக்கா இவ்வளவு செலவு?"

கல்வி நிதிக்கு மனு போட்டப்ப நம்ம ஆட்களே "இது டாக்டர் படிப்பா?"ன்னு கேட்டுத் தள்ளி வச்சாங்க. அப்பா லாரி ஓட்டி, அம்மா நகையை அடகு வச்சு படிக்க வச்சாங்க.

இந்தத் திருவிழாவுக்கு வாசல்ல மேசை போட்டாரே ஒருத்தர், அவருக்கு மட்டும் யாரும் கேள்வி கேட்கல. மூணு சனி ஞாயிறு வகுப்புக்குப் போயிட்டு, பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கிட்டு, "இனிப்புநீர் மூணு மாசத்துல போயிடும், ஊசியை நிறுத்துங்க"ன்னு பேசினார். என் பேக்டரியில லைசன்ஸ் இல்லாம ஒருத்தனை போர்க்லிப்ட்ல ஏத்த மாட்டோம். மனுஷ உடம்பு அதைவிட மலிவா?

நம்ம நாட்டுச் சட்டம் இதுல தெளிவா இருக்கு. இனிப்புநீர், புற்றுநோய், இருதயம், சிறுநீரகம் உட்பட 20 நோய்களைக் குணப்படுத்துவோம்னு பொதுமக்களுக்கு விளம்பரம் பண்ண 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடை போட்டிருக்கு. வைத்தியம் பார்க்கிறவங்க பதிவு செய்றதுக்கு 2016-ல தனிச் சட்டமே வந்திருக்கு, அதுல இந்தியப் பாரம்பரிய மருத்துவமும் ஒரு பிரிவு. டப்பாவுல 'எம்.ஏ.எல்.'னு தொடங்கி 'டி'ல முடியிற எண் இருக்கான்னு பாருங்க. அதுதான் பாரம்பரிய மருந்துக்குக் கொடுக்கிற பதிவு எண். பதிவில்லாத மருந்துல ஸ்டீராய்டு கலந்திருக்கிறதை சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடிச்சிருக்கு. வலி உடனே போகும், பசி எடுக்கும், "ஆகா நல்ல மருந்து"ன்னு தோணும். உள்ளுக்குள்ள சர்க்கரை ஏறிக்கிட்டே இருக்கும்.

வெள்ளிக்கிழமை தவறாம வர்ற ஒரு ஐயா இப்படித்தான் கிளினிக் மாத்திரையை விட்டார். இப்ப கால்ல ரெண்டு விரல் இல்ல. பிரகாரம் சுத்த முடியாம கொடிமரத்துப் பக்கத்துலயே உட்கார்ந்துடறார்.

"நம்ம பாரம்பரியத்தை நாமே குறை சொல்லலாமா"ன்னு சில பேர் கோவப்படுறாங்க. நான் குறை சொல்றது பாரம்பரியத்தையா? அதை அஞ்சரை வருஷம் உட்கார்ந்து படிச்ச பிள்ளையை நாம மதிக்கல, அதான் என் கோவம். அந்தப் பொண்ணு இப்ப ஒரு மையத்துல வேலை செய்யுது. யார் வந்தாலும் முதல்ல ரத்தப் பரிசோதனை அட்டையைத்தான் கேட்குமாம். கிளினிக் மருந்தை நீங்களா நிறுத்தாதீங்கன்னு சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிக்குமாம். இதனாலேயே சில பேர் திரும்ப வர்றதில்லையாம் (நம்ம ஆளுங்களுக்கு அதிசயம்தானே வேணும்).

நிர்வாகத்துக்கு ரெண்டு கோரிக்கை எழுதிக் கொடுத்திருக்கேன். பதிவு எண் இல்லாத மருந்துக்கு ஆலய வளாகத்துல மேசை கொடுக்கக் கூடாது, வாடகை எத்தனை வெள்ளி வந்தாலும் சரி. கல்வி நிதிப் பாரத்துல சித்த மருத்துவத்தையும் சேர்க்கணும். இந்த வருஷம் இன்னொரு பையன் மனு போட்டிருக்கான், தோட்டத்துல இருந்து வந்த குடும்பம்.

வர்ற ஞாயிறு காலைப் பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல கூட்டம். உறுப்பினர் அட்டை கொண்டு வாங்க, கை தூக்க அது வேணும்.