உடன்பிறந்த புன்னை

நெய்தல் திணையைப் பயின்ற மாணவர்களிடம் புன்னையைப் பற்றி வினவினால், அது அந்நிலத்தின் கருப்பொருள் என்று உடனே விடை வரும். அம்மரத்தைக் கண்டதுண்டா என்று வினவினாலோ, பலரிடம் மௌனமே விடையாகும். ஏட்டில் அறிந்த மரத்தை எதிரில் கண்டு அறிய இயலாத கல்வி நிறைவுடையதாகுமா?

நற்றிணையின் 172ஆம் பாடலை நினைவுகூர்வோம். மகளிர் விளையாட்டாக வெண்மணலில் அழுத்தி மறந்துவிட்ட புன்னை விதை ஒன்று முளைவிடுகிறது. நெய் கலந்த பால் வார்த்து அதனை வளர்க்கின்றனர். ‘இஃது உங்கள் உடன்பிறப்பு, உங்களினும் சிறந்தது’ என்ற கருத்துப்பட அன்னை உரைக்கிறாள். ஆகவே அம்மரத்தின் அருகில் தலைவனோடு நகைத்துப் பேச நாணுகிறோம் என்கிறாள் தோழி. விதை ஊன்றப்பட்டது விளையாட்டாகத்தான். அதனை உறவாக்கியது வளர்ப்பே.

நாமோ இதற்கு மாறாக நடக்கிறோம். விழா எடுத்து மரக்கன்று நடுகிறோம்; மறுநாளே மறந்துவிடுகிறோம். நட்டவரின் பெயர்ப்பலகை நிற்கிறது. கன்று காய்ந்து போகிறது.

புன்னை என்றும் பசுமை மாறாத மரம். தடித்துப் பளபளக்கும் இலை, மணம் கமழும் வெண்ணிறப் பூ, அதன் நடுவே பொன்னிற மகரந்தத் தாள்கள் என அதன் அழகு தனித்தது. உப்புக் காற்றையும் மணற்பாங்கான நிலத்தையும் தாங்கும். அதன் எண்ணெய் விளக்கெரிக்கவும், மரம் படகு கட்டவும் பயன்பட்டன. விதைப் பருப்பு உண்ணத் தக்கதன்று.

இதனை வளர்ப்பது அரிதன்று. முற்றி உதிர்ந்த புதிய காய்களைத் திரட்டி, சதையை நீக்க வேண்டும். ஓட்டோடு ஊன்றினால் முளைக்க ஏறத்தாழ 2 மாதங்கள் ஆகும். பருப்பு சிதையாமல் ஓட்டை அகற்றி ஊன்றினால் ஏறத்தாழ 3 வாரங்களில் முளைக்கும். நாற்றை முதலில் இளநிழலில் வைத்து, ஓரடி உயரம் வளர்ந்தபின் மழைக்காலத் தொடக்கத்தில் வெயில் படும் இடத்தில் நடலாம். கிளை பரப்பும் மரமாதலின் கட்டடத்தை ஒட்டி நடலாகாது. ஆடு மாடு அணுகாதவாறு வேலியிட்டு, முதற் சில ஆண்டுகளின் கோடையில் தவறாது நீர் வார்க்க வேண்டும்.

புன்னை மெல்ல வளரும் மரம். பொறுமையைக் கேட்கும் மரம். இளங்கலைப் படிப்பு 3 ஆண்டுகள். இளங்கன்றுக்குக் காவல் தேவைப்படுவதும் ஏறக்குறைய அக்காலமே. ஆகவே தமிழ்த்துறையில் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டில் ஒரு விதையை ஊன்றி, பட்டம் பெறும் நாளில் வேர்கொண்ட கன்றாக ஒப்படைக்க வேண்டும் என்பது எம் கருத்து. ஆசிரியர்கள் வழிகாட்டட்டும், சமுதாயப் பெரியோர் இடமும் நீரும் நல்கட்டும்.

நட்டவை எத்தனை என்று எண்ணுவதை விடுத்து, நின்றவை எத்தனை என்று எண்ணுவோம். அன்றுதான் நற்றிணை காட்டும் அன்னையின் சொல்லை நாம் கற்றவர்களாவோம்.