உயரத்தின் மேல் பழி போட்டது போதும்

இந்திய ஆண்கள் வாலிபால் அணி எங்கே தோற்றாலும் தீர்ப்பு தயாராக இருக்கிறது: “நம்மாளுங்களுக்கு உயரம் பத்தாது.” மைதானத்து ஓரத்தில் நிற்பவரும் சொல்கிறார், விளையாட்டுப் பக்கத்தில் எழுதுபவரும் சொல்கிறார். கூடவே இன்னும் இரண்டு சேர்ந்துகொள்ளும். சர்வதேசப் போட்டிகளில் நாம் எப்போதுமே ஒன்றும் சாதித்ததில்லை என்பது ஒன்று. கிரிக்கெட் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்பது மற்றொன்று. மூன்றையும் நான் மறுக்கிறேன். இப்படிச் சொல்லிச் சொல்லியே உண்மையில் பதில் சொல்ல வேண்டியவர்களைத் தப்பவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதலில் சாதனைக் கணக்கு. 1952இல் மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில் இந்தியா ஆடி எட்டாம் இடம் பெற்றது. வந்திருந்தவை பதினொரு அணிகள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆசிய விளையாட்டில் வாலிபால் முதன்முதலாகச் சேர்ந்தது 1958 டோக்கியோவில். அங்கே நமக்கு வெண்கலம். 1962 ஜகார்த்தாவில் வெள்ளி, நமக்கு மேலே ஜப்பான் மட்டும். அதற்கு முந்தைய ஆண்டு, அர்ஜுனா விருது தொடங்கியபோது வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் நம் ஏ. பழனிச்சாமி. 1986 சியோலில் மறுபடி வெண்கலம், அதுவும் ஜப்பானை வென்று. அந்த அணியில்தான் ஜிம்மி ஜார்ஜ் இருந்தார். கண்ணூர் மாவட்டத்துப் பேராவூரில் பிறந்து, இத்தாலிய லீக்கில் காசு கொடுத்துக் கூப்பிட்டு ஆடவைத்த வீரர். அடுத்த ஆண்டே இத்தாலியில் கார் விபத்தில் போய்விட்டார். பி.வி. சிந்துவின் தந்தை பி.வி. ரமணாவும் அதே வெண்கல அணிக்காரர்தான். மகளைத் தெரிந்த அளவுக்கு அப்பாவின் பதக்கத்தை நாடு தெரிந்துவைத்திருக்கவில்லை.

சரி, அதெல்லாம் பழங்கதை, அப்புறம் மற்ற நாடுகள் வளர்ந்துவிட்டன, உயரம் அப்போதுதான் காட்டிக்கொடுத்தது என்பார்கள். அப்படியானால் 2003க்கு என்ன பதில்? அந்த ஆண்டு தாய்லாந்தின் சுபன்புரியில் 19 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டி நடந்தது. இந்தியப் பையன்கள் இறுதி ஆட்டம் வரை போனார்கள். பிரேசிலிடம் தோற்று வெள்ளியோடு வந்தார்கள். உலகத்தில் இரண்டாம் இடம்! இரண்டே ஆண்டில், அதே சுபன்புரியில், சீனியர் ஆசியப் போட்டியில் இந்தியா நான்காவது. உயரம் பத்தாத இனத்தின் பையன்கள் பதினெட்டு வயதில் எப்படி உலகின் இரண்டாவது அணியானார்கள்?

உயரம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆண்கள் ஆட்டத்தில் நெட் 2.43 மீட்டர். எதிரே இரண்டு மீட்டர் ஆள் பிளாக்குக்கு எழும்பினால் ஸ்மாஷ் அடிக்கிறவனுக்கு வழி குறுகும். ஆனால் அந்த வழியைத் திறக்க வேறு வித்தை உண்டு என்பதை ஜப்பான் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது. ஐரோப்பியர்களை உயரத்தில் எட்ட முடியாது என்று தெரிந்துகொண்ட பயிற்சியாளர் மட்சுதைரா யசுதகா, வேகத்தை நம்பினார். செட்டர் கையிலிருந்து பந்து கிளம்பும்போதே அட்டாக்கர் காற்றில் இருப்பார். ஒருவர் எழும்புவதுபோல் போக்குக் காட்ட, பிளாக் அவரோடு ஏறி இறங்கும் நேரத்தில் இன்னொருவர் அடிப்பார். அந்த அணியின் மொரிட்டா ஜுங்கோ அதைத் தனி ஆளாகவே செய்தார்: குதிப்பதுபோல் பாவனை காட்டி, அரை நொடி பொறுத்து, நிஜமாகவே குதித்து அடிப்பார். 1964இல் வெண்கலம், 1968இல் வெள்ளி, 1972 மியூனிக்கில் ஒலிம்பிக் தங்கம். இன்றைய ஜப்பானும் அந்த வழிதான். 190 செ.மீ.கூட இல்லாத நிஷிடா யூஜிதான் அவர்களின் முதன்மை அட்டாக்கர்களில் ஒருவர். 2023 நேஷன்ஸ் லீக்கில் வெண்கலம், 2024இல் வெள்ளி. பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் இத்தாலிக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் எடுத்து, மூன்றாவது செட்டில் வெற்றிப் புள்ளி வரை போனார்கள். கடைசியில் தோற்றார்கள்தான். உயரக் குறைவால் என்று அங்கே யாரும் அழவில்லை.

எனக்கு ஜப்பானைவிட முக்கியமான சாட்சி ஈரான். 2003 சுபன்புரியில் ஈரானும் ஆடியது. நமக்குக் கீழேதான் முடித்தது. ஈரானியர்கள் நம்மைவிட உயரம் என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதே உயரத்தோடுதான் அன்று நமக்குப் பின்னால் நின்றார்கள். பிறகு மாறியது என்ன? உள்நாட்டில் கிளப்புகள் சம்பளம் கொடுத்து நடத்தும் சூப்பர் லீக் அவர்களிடம் இருந்தது. இளைஞர் அணியிலிருந்து வந்தவன் அதில் ஆண்டுதோறும் பெரிய ஆட்கள் நடுவே ஆடினான். 2007இல் அதே 19 வயதுப் பிரிவில் ஈரான் உலகச் சாம்பியன். 2011இல் ஜூலியோ வெலாஸ்கோவைக் கொண்டுவந்தார்கள். இத்தாலியை 1990, 1994 என இரண்டு முறை உலகச் சாம்பியனாக்கிய அர்ஜென்டினக்காரர். அந்த ஆண்டே ஆசியச் சாம்பியன் பட்டம், 2014இல் உலக லீக்கில் நான்காம் இடம், 2016 ரியோ ஒலிம்பிக்கில் காலிறுதி. 2014, 2018, 2023 என மூன்று ஆசிய விளையாட்டிலும் தங்கம் அவர்களுக்கே.

நம் பையன்கள் அந்த ஆண்டுகளில் என்ன செய்தார்கள்? விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. ரயில்வே, வங்கி, போலீஸ், ராணுவம். அந்த வேலையை நான் குறைவாகப் பேசமாட்டேன். ஏழை வீட்டுப் பையன் வாலிபாலை நம்பிக் காலை எடுத்துவைக்க அதுதான் தைரியம் கொடுத்தது. தமிழ்நாட்டில் இத்தனை நல்ல ஆட்டக்காரர்கள் வந்ததற்கு ஐ.சி.எஃப். போன்ற துறை அணிகள்தான் காரணம். ஆனால் பதினெட்டு முதல் இருபத்தைந்து வரை, ஒரு வீரன் முற்றித் தேறும் வயதில், துறைகளுக்கு இடையிலான போட்டிகளில் தெரிந்த முகங்களோடேயே ஆடிக்கொண்டிருந்தால், சர்வதேச ஆட்டத்தில் வரும் சர்வீஸின் வேகம் அவனுக்குப் புதிதாகத்தான் இருக்கும். கோளாறு அங்கே.

கிரிக்கெட் வாதத்துக்கு நிறைய நேரம் தேவையில்லை. உலகக் கோப்பையை கபில்தேவ் தூக்கியது 1983. சியோல் வெண்கலம் அதற்கு மூன்று ஆண்டு கழித்து. கிரிக்கெட்டில் மூழ்கிய இன்னொரு நாடான இலங்கையில் தேசிய விளையாட்டு வாலிபால்தான். நம் ஊர்களிலும் பங்குனி, சித்திரை வந்தால் விளக்கு கட்டி இரவு முழுக்க நடக்கும் போட்டிகளுக்குக் கூட்டம் குறையவில்லை. ஆட்டக்காரனும் இருக்கிறான், பார்க்கிறவனும் இருக்கிறான்.

இல்லாதது ஒழுங்கான நிர்வாகம். கோஷ்டிச் சண்டை முற்றி, 2016இல் இந்திய வாலிபால் சம்மேளனத்தைச் சர்வதேசக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்தது. தடை நீங்கியது 2018இல். 2019இல் புரோ வாலிபால் லீக் தொடங்கியது; சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பையை வென்றது. வீரர்கள் இத்தனை காலம் கேட்டது அதுதான். ஒரே சீசனில் சம்மேளனமும் லீக்கை நடத்திய நிறுவனமும் முறித்துக்கொண்டு நீதிமன்றப் படியேறின. மறுபடி ஒரு லீக், பிரைம் வாலிபால் என்ற பெயரில், வர 2022 ஆயிற்று. இருபத்திரண்டு வயது ஸ்மாஷருக்கு இந்த மூன்று ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

லீக் வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். தென்கொரியாவில் 2005 முதல் தொழில்முறை லீக் இருக்கிறது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவர்களை நாம் 3-2 என்று வென்றோம், கடைசி செட் 17-15. எதிரே நின்றது முந்தைய போட்டியின் வெள்ளி அணி. 1962க்குப் பிறகு முதல்முறையாகக் கொரிய ஆண்கள் பதக்கம் இல்லாமல் திரும்பினார்கள். நாம் அதற்குப் பின் ஜப்பானிடமும், ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் பாகிஸ்தானிடமும் நேர் செட்டில் தோற்று ஆறாவதாக முடித்தோம். ஜப்பான் தன் முதல்தர அணியை அங்கே அனுப்பவும் இல்லை.

இந்த ஏற்ற இறக்கத்தை உயரத்தால் விளக்க முடியுமா? புதன்கிழமை கொரியாவை வென்ற அதே உடல்கள்தானே அடுத்த வாரம் பாகிஸ்தானிடம் தோற்றன! பெரிய ஆட்டத்தை அடுத்தடுத்து ஆடிப் பழக்கமில்லாத அணி இப்படித்தான் ஒருநாள் எழும், மறுநாள் விழும். அதே ஆண்டு டிசம்பரில் பெங்களூரில் நடந்த கிளப் உலகப் போட்டியில் அகமதாபாத் அணியும் ஆடியது. கோப்பை இத்தாலியின் பெருஜியாவுக்குப் போனது. அகமதாபாத் ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஆட்டங்கள் நம் வீரனுக்கு ஆண்டுக்கு இருபதாவது கிடைக்க வேண்டும். எத்தனை கிடைக்கிறது, ஏன் கிடைக்கவில்லை என்று சம்மேளனத்தையும் விளையாட்டு அமைச்சகத்தையும் கேளுங்கள். பையனை நிறுத்திவைத்து உயரம் அளப்பதை விடுங்கள்.