கிளினிக் போன நாளுக்குப் பேர் உண்டா?



கண்டி மாவட்டத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா அண்மையில் சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். மகனுக்குத் தூக்கமில்லை, காதில் யாரோ பேசுவதாகச் சொல்கிறான், குடியும் சேர்ந்துவிட்டது. மாதக் கிளினிக்குக்கு விடியற்காலையில் புறப்பட்டால் வீடு திரும்ப இருட்டிவிடும். ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு ஒரு நாள் பேர் இல்லை, இரண்டு பேருக்கு பஸ் காசு வேறு. சிங்களத்தில் கேட்கும் கேள்வியில் பாதிதான் விளங்கும். மூன்றாம் மாதத்தோடு போவதை விட்டுவிட்டார்கள். மருந்தும் நின்றது. "இதை யாரிடம் போய்ச் சொல்றது?" என்று கேட்டார்.

பதில் சொல்லச் சிரமப்பட்டேன். ஏனென்றால் இதற்குப் பொறுப்பு ஒரு கையில் இல்லை. கண்டி, பேராதனைப் பெரிய ஆஸ்பத்திரிகள் கொழும்பு சுகாதார அமைச்சின் கீழ். பெரும்பாலான பிரதேச ஆஸ்பத்திரிகள் மத்திய மாகாணத்தின் கீழ். போதைப்பொருள் சிகிச்சை, 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையிடம். தோட்டத்து டிஸ்பென்சரி பல இடங்களில் இன்னும் நிர்வாகத்தின் கையில். நோயாளி ஒருவன்தான், எசமான்கள் நான்கு பேர். அவன் கிளினிக்குக்கு வராமல் போனால் தேடி வர வேண்டியது இவர்களில் யார்?

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. லூல்கந்துரவில் தேயிலை நட்டது 1867இல். ஆறு வருடம் கழித்து, 1873இல் எழுதிய மனநோய்க் கட்டளைச் சட்டத்தைத்தான் 1956இல் திருத்தி இன்றைக்கும் வைத்திருக்கிறோம். நோயாளியை அடைத்து வைப்பதைப் பற்றிப் பேசுகிற சட்டம் அது. அவரை லயத்திலேயே வைத்துப் பார்ப்பதைப் பற்றி அதில் இல்லை. 2005ஆம் ஆண்டு மனநலக் கொள்கைதான் சேவையை ஊருக்குக் கொண்டுவரச் சொன்னது. மனநல வைத்திய அதிகாரிகளும் வந்தார்கள். ஆனால் கொள்கை ஊர் வரைக்கும் வந்தது, லயம் வரைக்கும் வரவில்லை.

போதை சிகிச்சை நிலையங்கள் அனுமதி பெற்றுத்தான் நடக்க வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளையைக் காசு கட்டி எங்காவது சேர்க்கும் முன், அந்த அனுமதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அடித்துத் திருத்துவது சிகிச்சை அல்ல.

மேற்பார்வை செய்ய வேண்டிய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். 2018இல் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு ஆளுநரும் அதிகாரிகளும்தான். கேள்வி கேட்க நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர் அங்கே இல்லை. தேர்தல் நம்முடைய மருந்துத் துண்டோடும் சம்பந்தப்பட்டது.

நாம் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. மாதம் ஒரு நாள் மனநல வைத்திய அதிகாரி தோட்டத்துப் பக்கம் வரட்டும். தமிழும் அரசகரும மொழி, ஆகவே தமிழில் பேச ஒருவர் இருக்கட்டும். கிளினிக் துண்டைக் காட்டினால், நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் அன்றைக்குப் பேர் போட வேண்டும். வராமல் விட்டவர்களின் பட்டியல் தோட்ட வைத்திய உதவியாளருக்கும் சேமநல உத்தியோகத்தருக்கும் போகட்டும். இந்தக் கடைசி இரண்டையும் கம்பனிகளோடு பேசும் மேசையில் சங்கம் வைக்க வேண்டும்.

நம் பக்கக் குறையையும் ஒளிக்கக் கூடாது. தேர்தல் வந்தால் போத்தல் கொடுப்பவர்களும், வாங்குபவர்களும் நம்மவர்கள்தான். லயத்தில் கசிப்பு விற்பவனை நமக்குத் தெரியும். சுகமில்லாதவரைப் 'பைத்தியம்' என்று கூப்பிடுவதும் நம் வாய்தான்.

அந்த அம்மாவும் மகனும் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது தோட்டக் கமிட்டித் தோழர் ஒருவர் கூடப் போகிறார். அது தோழமை. ஆனால் அரசாங்கத்தின் வேலையைத் தோழமையால் எத்தனை நாளைக்குச் செய்ய முடியும்?

உடனே பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழையுங்கள். போதை சம்பந்தமாக 1927. வெட்கப்பட வேண்டாம். காய்ச்சலுக்கு மருந்தெடுக்க வெட்கப்படுகிறோமா?