தயிரும் புரோபயாட்டிக் மாத்திரையும் ஒண்ணா? புது ரகங்களில் என்ன வித்தியாசம்?

வயிறு சரியில்லை என்றாலே புரோபயாட்டிக் மாத்திரை வாங்குவது இப்போது சகஜமாகிவிட்டது. தினமும் தயிர், மோர் சாப்பிடுபவர்களுக்கு இது தேவையா? 'புதிய தலைமுறை' என்று சொல்லப்படும் புரோபயாட்டிக் எதில் வேறுபடுகிறது?

பழைய ரகம் எது?

போதுமான அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும், உயிருள்ள நுண்ணுயிரிகள்தான் புரோபயாட்டிக். இது 2001-ல் சர்வதேச நிபுணர் குழு தந்த விளக்கம். லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் ஆகியவை பல காலமாகப் புழக்கத்தில் உள்ளவை. வளர்ப்பதும் ஓரளவு எளிது.

வீட்டுத் தயிரிலும் நல்ல பாக்டீரியா உண்டு. ஆனால் எந்த ரகம், எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு, உறைமோருக்கு உறைமோர் மாறும். இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் இதே குடும்பம்தான். ஆவியில் வெந்ததும் அவை செத்துப்போகும்.

புது ரகம் எது?

இவை மனிதக் குடலிலேயே வாழ்பவை. உதாரணம், 2004-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அடையாளம் காட்டிய அக்கர்மான்சியா. குடல் சுவரின் சளிப்படலம்தான் இதன் வீடும் உணவும். இந்த ரகங்களில் பலவற்றுக்கு ஆக்சிஜன் ஆகாது. அதனால் தயாரிப்பதே சவால்.

ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் அக்கர்மான்சியாவை உணவாக அனுமதித்தது. ஆனால் சூடாக்கிச் செயலிழக்க வைத்த வடிவத்தை மட்டும்தான். உயிர் இல்லாததால் இதை 'போஸ்ட்பயாட்டிக்' என்கிறார்கள்.

மருந்தாகவும் வந்துவிட்டதா?

ஆம். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகு சிலருக்கு 'சி.டிஃப்' என்ற கிருமியால் கடும் வயிற்றுப்போக்கு திரும்பத் திரும்ப வரும். அதைத் தடுக்க, தானம் பெற்ற மலத்திலிருந்து பிரித்த பாக்டீரியா அடங்கிய 'வோஸ்ட்' மாத்திரைக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. இது பெரியவர்களுக்கு மட்டும். மருந்து என்பதால் மனிதர்களிடம் சோதித்து நிரூபித்த பிறகே அனுமதி கிடைத்தது. கடையில் விற்கும் சாதாரண புரோபயாட்டிக்குகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையைத் தாண்டியவை அல்ல.

யாருக்கு ஆபத்து?

குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாட்டிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தான தொற்று ஏற்படலாம் என 2023 அக்டோபரில் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. புரோபயாட்டிக் பெற்ற ஒரு குழந்தையின் மரணமே அதற்குக் காரணம். எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

'புரோபயாட்டிக்' என்ற பெயர் மட்டும் போதாது. எந்த ரகம், காலாவதி தேதி வரை எத்தனை கோடி உயிருடன் இருக்கும், எந்தப் பிரச்னைக்கு என்பதைப் பாருங்கள். ஒரு ரகம் ஒரு நோய்க்குப் பலன் தந்தால், இன்னொன்றும் தரும் என்பதில்லை. ஆரோக்கியமாக இருப்பவருக்குத் தயிரும் மோரும் நல்ல உணவு. அவை எந்த நோய்க்கும் மருந்தல்ல.