வேக வரம்பை வகுப்பது யார்?

2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர் என ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கூறுகிறது. இவர்களில் ஏறத்தாழ 68 சதவீதத்தினர் கிராமப்புறங்களில் உயிரிழந்தவர்கள். பத்தில் ஏழு மரணங்களுக்கு அதிவேகமே காரணம் என்றும் அதே அறிக்கை பதிவு செய்துள்ளது. ‘அதிவேகம்’ என்ற சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அந்தச் சாலைக்கு உரிய வேகம் எது, அதை யார் நிர்ணயித்தார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை.

2018 ஏப்ரலில் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிக்கை விரைவுச்சாலைக்கும் நான்குவழிச் சாலைக்கும் நகராட்சிச் சாலைக்கும் தனித்தனி வரம்பு வகுத்தது. எஞ்சியவை அனைத்தும் ‘இதர சாலைகள்’. அவற்றில் காருக்கு மணிக்கு 70 கிலோமீட்டர், சரக்கு வாகனத்துக்கு 60. பள்ளிக்கூடத்தை ஒட்டிச் செல்லும் ஒற்றைவழிக் கிராமச் சாலையும் இதே கணக்கில்தான் சேர்ந்தது! 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தபோதும், விவாதம் விரைவுச்சாலையின் 120 கிலோமீட்டரைச் சுற்றியே நடந்தது.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம், ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டாலும், சுமார் 20 மீட்டரில் நின்றுவிடும். 72 கிலோமீட்டர் என்றால் 60 மீட்டர் வேண்டும். வேகம் இருமடங்கானால் தூரம் மும்மடங்காகிறது. 30 மீட்டர் முன்னால் சந்திலிருந்து சைக்கிளில் வெளிப்படும் சிறுமிக்கு இந்த வேறுபாடே உயிர். மனிதர் நடமாட்டமும் வாகனமும் கலக்கும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்சவரம்பு என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துவது இதனால்தான்.

பொறியாளர்களின் பழைய வழக்கம் ஒன்று உண்டு: நூறு வாகனங்களில் 85 எந்த வேகத்துக்குள் செல்கின்றனவோ அதை அளந்து, அதற்கேற்ப வரம்பை வகுப்பது. வாகனம் உடையோருக்கு மட்டும் வாக்குரிமை அளிப்பதற்கு ஒப்பானது இது. வயல்வேலைக்கு நடந்து செல்லும் பெண்கள் அக்கணக்கில் வருவதேயில்லை.

பொறுப்பற்று ஓட்டுவோரைத் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் நடைக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் லாரித் தொழிலாளியை விரட்டுவது யார்? எட்டு மணி நேர வேலையை 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரையறுத்திருந்தும், அது நடைமுறையில் எங்கே இருந்தது? விபத்தைத் தெரிவிக்காமல் அகலும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற பிரிவு, 2024 ஜனவரி வேலைநிறுத்தத்துக்குப் பிறகே நிறுத்திவைக்கப்பட்டது. தரமற்ற சாலை வடிவமைப்பால் உயிர் போனால் ஒப்பந்ததாரருக்கு உச்ச தண்டனை ஒரு லட்சம் ரூபாய் அபராதம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆவது பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்பு கருதி வரம்பைக் குறைக்க மாநில அரசுக்கும் அது அதிகாரமளிக்கும் அமைப்புக்கும் இடமளிக்கிறது. அந்த அதிகாரத்தை ஊராட்சிகளுக்கு வழங்கவேண்டும். எங்கே 30, எங்கே 40, எங்கே வேகத்தடை என்பதைக் கிராமசபை விவாதித்துத் தீர்மானிக்கட்டும்; அதற்கான நிதியைச் சாலைத் திட்ட மதிப்பீட்டிலேயே ஒதுக்கவேண்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்திலேயே இத்தீர்மானத்தை நம் கிளைகள் முன்மொழியலாம்.